மச்சாளும் நானும் தேர்ந்த செயலி

மச்சாள்,

இன்று காலை நூலகத்தில் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் ஒருமுறை அதிர்ந்தது. நீங்களும் நானும் பாவித்த அந்த வேலைப்பட்டியல் செயலியிலிருந்து ஓர் அறிவித்தல். இந்த மாத முடிவோடு அதை நிறுத்தப் போகிறார்களாம். இவ்வளவு காலமும் கூட இருந்ததற்கு நன்றியாம். வேறொன்றைத் தேடிக்கொள்ளட்டாம்.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இனி மறுபடி ஒன்றைத் தேட வேண்டும், பழக வேண்டும், மாமாவின் ஊசியையும் மருந்துக் குளிசைகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதுவும் இந்தமுறை தனியே.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை இறக்கிப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே, “உங்கள் வாழ்க்கையின் இலக்கு என்ன?” என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்தப் பண்டத்தரிப்பு வளவுக்குள் நான் வந்தபோது, நீங்கள் முன்வீட்டில் தையல் மெஷினோடு இருந்தீர்கள். அத்தான் உங்களைத் தனியே விட்டுக் கண்மூடிய பிறகு நீங்கள் அதிகம் வெளியே போவதில்லை. ஒரே கிணறு, ஒரே படலை, இரண்டு வீடு. நீங்கள் என்னோடு பிரச்சினைப்பட்டதும் இல்லை, சிரித்துக் கதைத்ததும் இல்லை. பிறகு மாமி செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்தது. பந்தியில் இருந்த சனத்துக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அம்மாவின்ரை வீட்டிலை இண்டைக்குத்தான் உப்பில்லாத கறி” என்றீர்கள். சமைத்தவள் நான். விடிய எழும்பி, ஊருக்கே சமைத்து, கடைசியில் ஒரு கல் உப்பில் போய் நின்றது. அன்றோடு நான் உங்களோடு கதைப்பதை விட்டேன். நீங்களும் விட்டீர்கள்.

ஆனால் மாமாவுக்கு, உங்கள் ஐயாவுக்கு, சீனி வருத்தம் இருந்தது. காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மாமி இருந்தவரைக்கும் அது அவருடைய வேலை. அவர் போன பிறகு, காலை ஊசி உங்களுக்கு, பின்னேர ஊசி எனக்கு என்று உங்கள் தம்பி பிரித்துவிட்டு லொறியில் ஏறிவிட்டார். வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிற மனிதர், திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். கதைக்காத இரண்டு பெண்களின் நடுவில் ஒரு வயோதிபரையும் ஒரு மருந்துப் போத்தலையும் வைத்துவிட்டுப் போனார்.

நடக்க வேண்டியது நடந்தது. பள்ளிக்கூடம் தொடங்குகிற காலம். நீங்கள் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தீர்கள். நேரமாகியும் வரவில்லை. மாமாவுக்குப் பசி. இனி நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்து நானே ஊசியைப் போட்டு, பிட்டைக் கொடுத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். எனக்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள். போத்தலை எடுத்தீர்கள். நீங்களும் போட்டீர்கள்.

நூலகத்தில் போன் அடித்தது. பல மாதங்களுக்குப் பிறகு உங்கள் குரல்.

“நீர் ஐயாவுக்கு ஊசி போட்டனீரோ?”

“ஓம்.”

“ஐயோ, நானும் போட்டிட்டன். ஆள் வேர்த்து நனைஞ்சுபோய்க் கிடக்கிறார். கூப்பிட்டா ஏனெண்டு கேக்கிறாரில்லை.”

“சீனியைக் கரைச்சுப் பருக்குங்கோ. நான் ஓட்டோவோடை வாறன்.”

நான் வந்து சேர்ந்தபோது அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் சீனித்தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தீர்கள். பாதித் தண்ணீர் அவருடைய நெஞ்சில் ஊற்றுப்பட்டிருந்தது. ஓட்டோவில் ஒருபக்கம் நீங்கள், ஒருபக்கம் நான், நடுவில் அவர். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டாந்தரம் குத்தேக்கை சொல்லியிருக்கலாமே, ஐயா?” என்று நீங்கள் கேட்டீர்கள்.

“அவள் போட்டிட்டாள் எண்டு சொன்னா நீ அவளோடை சண்டைக்குப் போவாய். அதுதான் பேசாமல் கிடந்தனான்” என்றார்.

நீங்கள் முகத்தைத் திருப்பி யன்னல் பக்கம் பார்த்தீர்கள். நானும் வேறெங்கோ பார்த்தேன்.

அந்த வாட்டுக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில்தான் இந்தச் செயலிக் கதை தொடங்கியது. எழுதி வைக்க வேண்டும் என்றீர்கள். எங்கே எழுதுவது என்று கேட்டேன். உங்கள் தம்பி போனில், “ஒரு கொப்பியை வாங்கிக் குசினியிலை கட்டித் தூக்குங்கோவன்” என்றார். நீங்கள் அவரைக் கடிந்தது இன்னும் காதில் கிடக்கிறது: “அவள் நூலகத்திலை நிண்டுகொண்டு குசினிக் கொப்பியை எப்பிடியடா பாக்கிறது? லொறியை ஓட்டு நீ.” முதல்முறையாக நீங்கள் என் பக்கம் நின்றது அன்றுதான்.

பிறகு பின்னேரங்களில் உங்கள் தையல் அறையில், துணிக் குவியலைத் தள்ளி இடம் பண்ணி, இரண்டு போன்களோடும் இருந்தோம். வேலைகளை எழுதி வைக்க இத்தனை செயலிகள் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறக்கொடி கேட்டது. எது முதன்மை, எது இரண்டாவது என்று நாங்களே சொல்ல வேண்டுமாம். நீங்கள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தீர்கள். “ஐயாவின்ரை ஊசி சிவப்பெண்டா, கோழிக்குத் தீன் என்ன நிறம்? ஒரு நாளைக்குப் போடாமல் விட்டுப் பாரும், எது முதலாவது எண்டு கோழி வந்து சொல்லும்.” அது போனது.

இரண்டாவதில் ஒரு சின்னச் செடி இருந்தது. வேலை முடிக்க முடிக்க அது வளரும், முடிக்காவிட்டால் வாடும். எனக்கு அது பிடித்திருந்தது. நீங்கள் குருநகரில் உங்கள் பள்ளிச் சிநேகிதியின் செத்தவீட்டுக்குப் போய்விட்டு, பின்னேரம் களைத்து விழுந்து வந்து போனைத் திறந்தீர்கள். செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. “செத்தவீட்டாலை வாறன், உது வேறை வாடிப்போய் நிக்குது. எனக்கு உள்ள சுமை காணாதெண்டு உதுக்கும் நான் தண்ணி ஊத்தோணுமே?” என்று சொல்லி அப்போதே அழித்துவிட்டீர்கள்.

மூன்றாவது, வேலைகளை வாசித்துச் சொல்லும். தொண்டைமானாறுக் கோயிலில் திரை விலகுகிற நேரம் பார்த்து, உங்கள் கைப்பைக்குள்ளிருந்து, தமிழ் தெரியாத ஒரு பெண்ணின் குரல் மாமாவின் மலச்சிக்கல் மருந்தை ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துச் சொன்னது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். நீங்கள் கும்பிட்ட கையை எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், “நிப்பாட்டும், கெதியா நிப்பாட்டும்” என்று பல்லுக்குள்ளால் சொன்னீர்கள். எனக்கு நிற்பாட்டத் தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளிவீதிக்கு ஓடினேன். பிறகு நீங்களும் வந்தீர்கள். இரண்டு பேரும் மணலில் இருந்து வயிறு நோகச் சிரித்தோம். இந்த வளவுக்கு நான் வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் கிடைத்தது வெறும் வெள்ளைப் பக்கம். ஒரு வரி எழுதலாம், தமிழில் எழுதலாம். முன்னால் ஒரு சின்ன வட்டம், செய்து முடித்ததும் அதில் தொட்டால் சரி விழும். ஒருவர் போட்ட சரி மற்றவருக்கும் தெரியும். அவ்வளவுதான். நீங்கள் முன்வீட்டிலும் நான் பின்வீட்டிலும் நின்று சோதித்தோம். “வந்திட்டுதோ?” என்று நீங்கள் கத்த, “வந்திட்டுது, மச்சாள்!” என்று நான் கத்தினேன். “இது காணும். வாயில்லாதது நல்லது” என்றீர்கள்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு சட்டமும் வைத்தீர்கள். செய்யாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாத வேலையை அதில் எழுதக்கூடாது. நான் ஆரம்பத்தில் யன்னல் சீலை தோய்ப்பது, பரணைத் தட்டுவது எல்லாம் எழுதினேன். நீங்கள் அழித்தீர்கள். “உதுகளை எழுதினா உமக்கு ஒவ்வொரு நாளும் தோல்விதான். தட்டாட்டிப் பரண் அழாது.” எனக்கு அது பெரிய ஆறுதல், மச்சாள். அதுவரை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பட்டியலில் முடிவே இருக்கவில்லை.

காலையில் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போனைப் பார்ப்பேன். ‘ஐயா ஊசி’ என்ற வரியில் சரி விழுந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன். பின்னேரம் நான் போடுவேன், நீங்கள் பார்ப்பீர்கள். ஒருநாள் அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு வரி கிடந்தது: ‘இண்டைக்கு எனக்கு ஏலாது.’ இதற்கு எப்படிச் சரி போடுவது என்று தெரியவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமாவைக் குளிக்க வார்த்து, கோழிகளைப் பார்த்து, உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். நீங்கள் குடித்துவிட்டு, போனை எடுத்து நீங்களே அந்த வரிக்குச் சரி போட்டீர்கள்.

அந்த ‘ஏலாது’ அடிக்கடி வரத் தொடங்கியது. கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நின்று மூச்சு வாங்கினீர்கள். நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள். ஆகவே பட்டியலில் எழுதினேன்: ‘மச்சாள் கிளினிக்.’ அழித்தீர்கள். திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தீர்கள். நூலகத்தில் ஒருவருக்குப் புத்தகம் பதிந்துகொண்டிருக்கும்போது வரி மறைவது தெரியும். அவர் போனதும் நான் மறுபடி எழுதுவேன். கடைசியில் போன் எடுத்தீர்கள்.

“உமக்கு வேறை வேலை இல்லையே?”

“செய்யாட்டி ஆருக்கும் ஒண்டும் ஆகாத வேலையை எழுதக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இது அப்பிடிப்பட்ட வேலையில்லை.”

மெஷின் நின்ற சத்தம் போனில் கேட்டது. பிறகு, “ஐயாவை ஆர் பாக்கிறது?” என்றீர்கள்.

“நான் நிக்கிறன்.”

போனீர்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார் டொக்டர். குளிசை எழுதினார், கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது என்றார். பட்டியலில் உங்கள் குளிசைக்கும் ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் இருந்தது. நீங்கள் கொஞ்சம் நிறம் தேறினீர்கள், குறைவாகத் தைத்தீர்கள், மாமாவோடு இருந்து பத்திரிகை வாசித்தீர்கள். காப்பாற்றிவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

ஒரு மழைநாள் பின்னேரம், தைத்து முடித்த சட்டைகளை மடித்து வைத்துவிட்டுச் சற்றுப் படுக்கப் போவதாக மாமாவிடம் சொன்னீர்கள். நான் தேத்தண்ணியோடு வந்து கூப்பிட்டபோது நீங்கள் எழும்பவில்லை. குளிசையும் போட்டிருந்தீர்கள், கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போயிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் சரி விழுந்துதான் இருந்தது. எல்லாம் சரியாகச் செய்தும் ஆட்கள் போகத்தான் செய்கிறார்கள் என்பதை ஏற்க எனக்குக் கனகாலம் எடுத்தது. இன்னும் முழுதாக ஏற்றுவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

இப்போது இரண்டு ஊசியும் நான்தான். காலையில் போட்டுவிட்டு, நானே சரி போட்டு, நூலகத்துக்குப் போய் நானே பார்க்கிறேன். அதில் எந்த அர்த்தமும் இல்லைத்தான். கூலிக்கு ஒரு பெண் வந்து பகலில் மாமாவைப் பார்க்கிறாள், நல்லவள். உங்கள் தம்பி முன்னையைவிட அடிக்கடி போன் எடுக்கிறார். ஆனாலும் பின்னேரம் படலையைத் திறக்கும்போது கால்கள் கனக்கின்றன.

இன்று வீட்டுக்கு வந்து இன்னும் சில செயலிகளைப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்தேன். பழையதைப்போல இல்லை, ஆனால் வாயில்லாதது. ஊசி, குளிசை, கோழி, கிளினிக் எல்லாவற்றையும் எழுதி முடித்ததும், யாரோடு பகிர்வது என்று கேட்டது. அந்த இடத்தில் கனநேரம் நின்றுவிட்டேன். பிறகு உங்கள் தம்பிக்கு எடுத்தேன்.

“நான் ரோட்டிலை நிக்கிறவன். நான் என்னத்தைச் சரி போடுறது?” என்றார்.

“நீங்கள் ஒண்டும் போட வேண்டாம். நான் போடுறதை ஆரும் ஒருத்தர் பாத்தாக் காணும்.”

லொறி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரி, என்னையும் சேர்” என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் சேர்ந்துகொண்டதாகச் செயலி காட்டியது.

இருட்டுவதற்கு முன் மாமாவிடம் ஊசியோடு போனேன். மாமா ஒன்றும் மறந்தவரல்ல. கீரிமலைக் கடலில் உங்கள் சாம்பல் கரைந்தபோது கரையில் நின்று பார்த்தவர். ஆனால் நீங்கள் போன பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. இன்றும் சட்டையைத் தூக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை, அவள் போட்டிட்டாளோ எண்டு பாத்தியே?”

நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

“பாத்தனான், மாமா. மச்சாள் இன்னும் போடேல்லை.”

“அப்ப நீ போடு” என்றார்.