மஞ்சள் லேசருக்குக் கைச்சூடு

ஏங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. குழாய் ரிப்பேர்காரர் வருவாரு, மாடிச் சாவி ஆணியில. மேஜை மேல இருக்கிற, மஞ்சள் வெளிச்சம் விடற என் குட்டி லேசரை அவர் தொடாம பாத்துக்கோங்க. நீங்களும் தொடாதீங்க.

நேத்து நீங்க ஃபேனைப் போட்டதும் அது மங்கிப்போச்சு, நான் கத்திட்டேன். மலிவு சரக்குங்க, கொஞ்சம் குளிர்ந்தாலே முரண்டு பிடிக்கும். "என்னைவிட அந்த டப்பா உனக்கு ஒசத்தியா?"ன்னு நீங்க கேட்டது காதுலயே நிக்குது.

காலைல உள்ளங்கைல பொத்தி வெச்சுப் பாத்தேன். லேசா மினுங்கிட்டு அணைஞ்சிடுச்சு. என் கைதான் எப்பவும் ஜில்லுன்னு இருக்குமே.

ஃபேனை நிறுத்தினேனான்னு ஞாபகமில்ல, பாருங்க.

பி.கு: மேல "நீங்களும் தொடாதீங்க"ன்னு எழுதினதை அடிச்சிட்டதா வெச்சுக்கோங்க. சாயங்காலம் நான் வந்ததும் நீங்களே அதைப் பொத்திப் பிடிங்க. உங்க கைச்சூடு அதுக்கும் வேணும்.