விசிலுக்கு முந்திய குரல்

அக்கா,

இன்று காலை பயிற்சி மையத்தில் வி.ஆர். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். ஏலக்காய் வாசனை. ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிவிட்டு வரும்போது நீங்கள் போட்டுவைத்த காய்கள் வெளுத்துப்போய் மூலையில் கிடந்தன. "தொடைக்கிற ஸ்பிரிட்டு வாடை அவனுக்கு ஆகாது தம்பி. இது கெடந்தா மாட்டிக்கிருவான்" என்றீர்கள். உங்கள் மகன் சரவணனும் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை. சிலமலை பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடத்தியே போடிக்குக் கூட்டிவருவீர்கள். அந்தச் சத்தத்தைக் கண்ணாடிக்குள் பழக்கிவிடலாம் என்று, சுற்றிலும் படம்பிடிக்கும் கேமராவோடு உங்களையும் அழைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். மகன் அங்கே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேமராவைப் பார்த்து, "இந்தா விசிலு வரப்போகுது அப்பு, பயப்படாத" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அந்தக் குரலை அழிக்கப்போகிறேன் என்றபோது உங்கள் முகம் வாடிவிட்டது.

"ஏந் தம்பி, எஞ் சத்தம் அதுபாட்டுக்குக் கெடக்கட்டுமே?"

"அப்புறம் உங்களையே எதிர்பார்ப்பான்க்கா."

"எதிர்பார்க்கட்டும். நான் எங்க போகப்போறேன்?"

எல்லாம் தெரிந்தவன்போல் சிரித்துவிட்டு அழித்தேன். இடத்தை அடைக்கிறதென்று மூலப் பதிவையும் நீக்கினேன். ஐப்பசி மழையில் ஒருநாள் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீங்கள், எழுந்திருக்கவே இல்லை.

இப்போது அவன் அப்பா கூட்டிவருகிறார். விசிலுக்கு அலறுவதில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தே வருகிறான். பயிற்சி பலித்துவிட்டது என்று எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். அக்கா, அந்தப் பாராட்டு எனக்குக் கூசுகிறது.

வந்ததும் பெட்டியை முகர்ந்து பார்க்கிறான். கண்ணாடியை மாட்டியதும் பின்பக்கம் திரும்பிக்கொள்கிறான். அங்கே கம்பியைப் பிடித்தபடி நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் உருவத்தை அழிக்கும் வித்தை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் உதடு அசைகிறது. குரல் இல்லை. பிறகு விசில் மட்டும் கேட்கிறது.

ஹெட்போனைத் தட்டிப் பார்க்கிறான். பழுது என்று நினைத்துக் கழற்றி என்னிடம் நீட்டுகிறான். நானும் வாங்கி, வயரைப் பிடுங்கி மறுபடி சொருகி, சரிசெய்வதுபோல் நடித்துக் கொடுக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் நம்பி மாட்டிக்கொள்கிறான், அக்கா.