மாடி அறைக்கு ஒருவர்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். மாடி அறைச் சாவியைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது.

மாடியில் வாடகைக்குத் தங்கிவிட்டுக் காலையில் அறையைக் காலி செய்து போனார்களே, அவர்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. மூன்று மாதக் குழந்தை. அந்த அறைக் கட்டிலில் அது தனி இடமா கேட்டது? அம்மா மேலேயே தூங்கி, அம்மா மேலேயே விழித்தது. அதற்குப் போய்க் கூடுதல் ஆள் கட்டணம். கேட்டால், "ரெண்டு பேருக்கு மேல போனா சாஃப்ட்வேரே போட்டுக்குது, நான் என்ன பண்றது" என்று எரிந்து விழுந்தீர்கள். அதற்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தது யாராம்?

மத்தியானம் நானே உட்கார்ந்து சாஃப்ட்வேரில் அந்த விதியை மாற்றிவிட்டேன். இனி கைக்குழந்தைக்குக் கட்டணம் விழாது. அவர்களிடம் வாங்கியதையும் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

அப்புறம் விரிப்பு மாற்ற மேலே போனேன். அறை முழுக்கப் பால் வாசனை. திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது. கொஞ்சம் சாய்ந்தேன். அறையே மெல்ல மிதந்து எங்கோ போவதுபோல இருந்தது. இத்தனை வருஷமாக யார் யாருக்கோ வாடகைக்கு விட்டோமே தவிர, நாம் ஒரு நாள்கூட அங்கே படுத்ததில்லை.

அதனால் இன்று ராத்திரிக்கு அந்த அறையை என் பெயரில் முன்பதிவு செய்துவிட்டேன். கோபம்தான். சமாதானம் பேச வராதீர்கள்.

பி.கு.: ஆள் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இரண்டாவது ஆளுக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது, நீங்கள் போட்ட விதிதான். கதவைத் தாழ்போடவில்லை.