ஐந்தாவது கோழி

காலிஸ், 2 மார்ச் 2011

தங்கச்சி நிதாலுக்கு அண்ணன் ஷாகிர் எழுதுறது. நான், உன் அண்ணி, மூவாயிரம் கோழிங்க எல்லாரும் சுகம். போன்ல பேசலாம்னா உன் அண்ணி பிடுங்கிக்கிறா. அதான் மினிபஸ் ஓட்டுற மிஜ்பில்கிட்ட கோழியோட கடிதமும் குடுத்து விடுறேன்.

பெட்டியில ஆறு இருக்கு. எல்லாம் கருஞ்சீரகம் கலந்த தீவனம் தின்னது. கொட்டகை வாசல்ல பலகை மாட்டிட்டேன்: 'டாக்டர் நிதாலின் கொழுப்பு குறைந்த கோழி'. ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. நானும் ஒரு மாசமா இதைத்தான் தின்கிறேன். இதயத்துல ஸ்டென்ட் வச்ச டாக்டர் குடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திட்டேன். அதைப் போட்டா தொடை வலிக்குது, கொட்டகையில நிக்க முடியல. உன் ஆராய்ச்சி என் கொட்டகையிலதானே நடந்துச்சு? ரத்தம் எடுக்கையில றெக்கையைப் பிடிச்சவன் நான். எனக்கு வேற சாட்சி எதுக்கு?

அண்ணன் ஷாகிர்

பாக்தாத், 6 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோழிகள் வந்தன. சமைக்க மனம் வரவில்லை; பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பலகையை இன்றே கழற்றுங்கள். கொழுப்பு குறைந்தது கோழியின் ரத்தத்தில். அதைத் தின்பவரின் ரத்தத்தில் அல்ல. அந்தக் குறைவும் சிறியது. கால்நடைக் கல்லூரியில் பாராட்டினார்கள் என்று உங்களிடம் பெருமையாகச் சொன்னது என் தவறு.

இன்னொன்று. நாற்பத்திரண்டாம் நாள் உயிரோடிருந்த கோழிகளிடம்தான் நாம் ரத்தம் எடுத்தோம். கருஞ்சீரகம் தின்றவற்றில் நாலு அதற்கு முன்பே நெஞ்சடைத்துக் கவிழ்ந்து செத்தன. குழி தோண்டியது நீங்கள். என் அட்டவணையில் அவை ஒரு வரி மட்டுமே.

தொடை வலித்தால் டாக்டர் வேறு மாத்திரை தருவார். நானே கூட வருகிறேன். எந்த நாள் என்று எழுதுங்கள்.

நிதால்

காலிஸ், 11 மார்ச்

நிதாலுக்கு,

நாலு இல்லம்மா, அஞ்சு.

நீ பரீட்சை வேலைக்குப் போயிருந்த வாரம் இன்னொண்ணு கவிழ்ந்துச்சு. நல்லா வளர்ந்த சேவல். இந்த ஆராய்ச்சியை வச்சுதான் உனக்குப் பதவி உயர்வுன்னு சொல்லியிருந்தே. அதோட நம்பர் போட்ட கால் வளையத்தைக் கழட்டி, உபரிக் கூண்டுல இருந்த ஒண்ணுக்கு மாட்டிட்டேன். ஒரு கோழிதானே. மத்ததெல்லாம் கண்ணால பார்த்த சத்தியம். இவ்வளவு நாள் சொல்லாததுக்குக் கோவிச்சுக்காதே.

'கோழி டாக்டருக்கு மனுஷன் தொடையில என்ன வேலை?'ன்னு கேக்குறா உன் அண்ணி. நான் கேக்கல.

பலகையைக் கழட்ட மாட்டேன். நம்ம வீட்டு ஆள் பேர் எழுதின ஒரே பலகை அதுதான். டாக்டரை இந்தக் கோழியெல்லாம் சந்தைக்கு ஏத்தி விட்டப்புறம் பார்க்கலாம். இன்னும் ஒன்பது நாள்தான். நாளன்னிக்கு உனக்கு ஒரு பெட்டி அனுப்புறேன். இதையாவது நீ தின்னு.

ஷாகிர்

பாக்தாத், 13 மார்ச்

அண்ணா,

காலையில் மிஜ்பில் பெட்டியைக் கொடுத்தான். கடிதம் இல்லை. "பெட்டியை ஏத்திட்டுத் திரும்பினாரு, அப்படியே கொட்டகை வாசல்ல விழுந்துட்டாரு. பக்கூபா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா" என்றான். பிறகு, "பெட்டியை எப்படியாவது சேர்த்துடுன்னு அவருதான் சொன்னாரு" என்றான்.

அண்ணியின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. பத்து மணிக்கு அங்கே வரும் வடக்குச் சாலையை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று சோதனைச் சாவடியில் யாருக்கும் தெரியவில்லை. மினிபஸ் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பெட்டி காலடியில் இருக்கிறது. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கால் வளையத்துக்காகக் கோபமில்லை. கல்லூரிக்கு நான் எழுத வேண்டியதை எழுதிக்கொள்கிறேன். பலகையும் இருக்கட்டும், நீங்கள் எழுந்து வந்து கழற்றும் வரை.

அட்டவணையில் நாலை அடித்து ஐந்து என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்னை எண்ண வைக்காதீர்கள், அண்ணா.

நிதால்