காகத்துக்குப் படி கட்டிய ஊர்

என் அஞ்சலைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் உன் பேரை நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா? எழுதி முடித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நீ இருந்தவரை பஸ் போர்டை நீதான் எனக்குப் படித்துச் சொல்வாய். நீ போன பிறகு, கள்ளக்குறிச்சிக்கு என்று நினைத்து ஏறி உளுந்தூர்பேட்டையில் போய் இறங்கினேன். அதன் பிறகுதான் முதியோர் கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது நம் செல்வி நர்ஸ் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். உன் முதல் வருஷத் திதி இங்கேயே வந்துவிட்டது. மாடி வீடு, காகத்துக்குச் சோறு வைக்க இடமில்லை. “கடலோரமா பழைய மீன்புடி ஊர் ஒண்ணு இருக்குதுப்பா, அங்க போலாம்” என்றாள். கிரெயில் என்று பேர்.

சின்னத் துறைமுகம். சிவப்பு ஓட்டு வீடுகள், நம் பாட்டன் காலத்துக்கும் முந்தியவை. கூரைச் சரிவை ஒட்டிப் பக்கச்சுவர் படிப்படியாக ஏறுகிறது. அதைக் காக்காப் படி என்று சொல்வார்களாம். காகத்துக்குப் படி கட்டிய ஊர்! எனக்கு உயிரே வந்தது. நீ நிச்சயம் வருவாய் என்று நம்பிவிட்டேன்.

துறைமுகச் சுவர்மேல் காகிதத் தட்டை வைத்தேன். சோறு, பருப்பு, உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. “கா... கா...” என்று கூப்பிட்டேன்.

“அப்பா, மெதுவா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.”

“இன்னாடி, உங்கம்மாவக் கூப்புடறதுக்கு வெக்கமா?”

அந்தப் படிகளில் எல்லாம் உட்கார்ந்திருந்தவை வாத்துப் பருமனில் வெள்ளைக் கடற்பறவைகள். நான் கையை எடுப்பதற்குள் பாய்ந்து, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு, தட்டையே தூக்கிப் போய்விட்டன. வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு செல்வியிடம் ஏதோ சொன்னார்.

“காத்து ஜாஸ்தியாம்ப்பா. இன்னைக்கு காக்கா வராதாம். வுடு, அதுல ஒண்ணா அம்மா வந்திருக்கும்.”

“உங்கம்மாவா? புடுங்கித் துன்றவளா அவ? எல்லாரும் துன்னப்புறம் சட்டியில மிச்சம் இருந்தா துன்றவ.”

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டப்பாவில் மீதி இருந்த சோற்றைக் கையில் பொத்திக்கொண்டு இருட்டும்வரை நின்றேன். ஒரு காகம்கூட வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் இங்கிலீஷ் போர்டுகள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. மறுபடி பழைய ஆளாகிவிட்டேன். நீ படித்துச் சொல்வாய் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

அஞ்சலை, பசியோடு எங்கேயோ அலைகிறாயா? இல்லை, எங்கேயுமே இல்லையா? இதில் எதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வது?

அடுத்த வாரம் ஊருக்கு வந்துவிடுவேன். கரும்புக் கொல்லை வரப்பில் சோறு வைக்கிறேன். காகம் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன். எழுதியதை அங்கேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படிக்கிறேன். இனி உனக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா