மேட்டுவெளிக்கு ஒரு கால அட்டவணை

ஏப்ரல் 3, வியாழன்

டெப்போவில் இன்று பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸுக்கு நேரம் மாற்றிப் போட்டேன். டிரைவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "அக்கா, ஒரு டீ குடிக்கக்கூட நேரம் விடலையே, நியாயமா?" இல்லைதான். விட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து கிடக்கிறார். மேட்டுவெளியைக் குறுக்காகக் கடக்கப் போகிறாராம். சைக்கிளில். ஒரே நாளில்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கண் டாக்டர் சொன்னதை இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதினால் உறுதியாகிவிடும் என்று ஒரு பயம். இப்போது எழுதுகிறேன். இவருக்கு ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் மிச்சம். அந்தக் குழாயும் சுருங்கும். மருந்து இல்லை, ஆபரேஷனும் இல்லை. "எவ்வளவு நாள் டாக்டர்?" என்றால், "அது ஆளுக்கு ஆள் மாறும்மா" என்கிறார்.

டைல்ஸ் ஒட்டுகிற வேலையை இவரே விட்டுவிட்டார். பக்கத்தில் வைத்த கரண்டியைத் தேடவே பாதி நாள் போகிறதாம்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாடி ஜன்னலில் மேட்டுவெளி தெரிகிறது. மரமே கிடையாது. ஒரு மேடு, அதன் பின்னால் இன்னொரு மேடு. புல், குத்துப்புதர், கறுப்புச் சேறு, ஆடுகள். எங்கள் பஸ் ஒன்றுகூட அந்தப் பக்கம் போவதில்லை. நாங்களும் போனதில்லை.

"முழுசா ஒரு தடவை பாத்துடணும். அந்த ரோட்டுல வண்டியே கிடையாது. நம்ம தெருவுல ஓட்டுறதவிட அங்க ஓட்டுறது எனக்குப் பத்திரம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் போடுற. எனக்கு ஒரே ஒரு நாள் போட்டுத் தரமாட்டியா?" என்றார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு அட்டவணை போட உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் அட்டவணையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே வேகம் போட்டிருந்தேன். "அடியே, பஸ்ஸுக்கு மூச்சு வாங்காது. எனக்கு வாங்கும்!" வரைபடத்தில் உயரம் காட்டுகிற கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று சொல்லிக் கொடுத்தார். உச்சிக்கு முன்னால் அவை நூல்கண்டு சிக்கின மாதிரி கிடக்கின்றன.

கொழுந்தனை வரச் சொன்னேன். பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறவர், ஆள் நல்ல பருமன். தெருவே அவரை 'மைதா' என்றுதான் கூப்பிடும். "அண்ணி, அண்ணன்கூட நான் போறேன். ஏத்தத்துல என்னைத் தள்ளிவிட மட்டும் ஒரு ஆள் போடுங்க" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நல்ல மனுஷன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தெருவில் ஒத்திகை. இடது பக்கம் நின்ற குப்பைத் தொட்டியில் நேராகப் போய் மோதினார். முழங்காலில் ரத்தம். கீழே கிடந்தபடி என்னைப் பார்த்து, "அது அங்கயா இருந்துச்சு?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

போக வேண்டாங்க, என்னால தாங்க முடியாதுன்னு கத்திட்டேன். "சரி" என்றார். அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்.

சரின்னா என்ன அர்த்தம்? முப்பது வருஷமா இந்த 'சரி'க்கு நான் அர்த்தம் தேடிட்டிருக்கேன்.

ஏப்ரல் 16, புதன்

தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. சரி, என் கையில் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்வோம். டெப்போவில் மலைப்பாதைக்கு இரண்டு பஸ் அனுப்பும்போது ஒரு விதி உண்டு. பின்வண்டி முன்வண்டியைத் தாண்டக் கூடாது, கண்பார்வையிலிருந்து விடவும் கூடாது. அதையே போட்டேன். மைதாவின் சைக்கிள் முன்வண்டி, இவருடையது பின்வண்டி. சாலை வளைவதும் குழி வருவதும் முன்வண்டி போகிற போக்கிலேயே தெரிந்துவிடும். மதியத்துக்கு மேல் உச்சியில் மூடுபனி இறங்கும் என்கிறார்கள். அதனால் உச்சியில் நிறுத்தம் கிடையாது. பாலத்தில் தண்ணீர், ஆட்டுப்பட்டி பக்கத்தில் சாப்பாடு, இறக்கம் முழுக்க பிரேக்கில் கை.

"மைதா முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மழை. போகவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காற்று. மொட்டை மாடியில் துணி கிழிந்துவிட்டது. மேலே ஆளையே தூக்கிவிடும் என்றார் மைதா. போகவில்லை.

மே 2, வெள்ளி

காபி டம்ளரை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். "காபி போடலையா?" என்கிறார். போன மாதம் இப்படி இல்லை.

மே 4, ஞாயிறு

மறுபடி மழை. வானிலை சொல்கிற அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. அவள் என்ன செய்வாள், பாவம். யாரைத்தான் திட்ட?

"இன்னும் ஒரு வாரம் போனா பார்வை இன்னும் கொஞ்சம் குறையும்ல?" என்று இவரிடம் கேட்டே விட்டேன். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலில் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 11, ஞாயிறு

போய்விட்டார்கள். நல்ல வெயில். மேலே போன் எடுக்காது. துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். இப்போது பாலம் தாண்டியிருப்பார்கள். இப்போது பட்டி. இப்போது அந்த நூல்கண்டு. கடவுளே.

வந்துவிட்டார்கள்! போட்ட நேரத்துக்கு முன்னாலேயே! மைதா வாசலில் மல்லாந்து படுத்து, "அண்ணி, என்னைப் பேக்கரி அடுப்புல போட்டாலும் இனி வேகாது, ஏற்கெனவே வெந்துட்டேன்" என்கிறார். பக்கத்து வீட்டார் கை தட்டினார்கள். இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மே 12, திங்கள்

இவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "சொல்லுங்க, மேட்டுவெளி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "மைதா முதுகு மாதிரி இருந்துச்சு" என்றார்.

இருவரும் சிரித்தோம். நான்தான் முதலில் நிறுத்தினேன்.

கிண்டல் இல்லை, அது. அவரிடம் இருப்பது ஒரு குழாய். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தக் குழாயில் ஒரு முதுகை மட்டும் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். வியர்வையில் நனைந்த ஒரு சட்டையை.

மைதாவுக்குப் போன் போட்டேன். "உச்சியில அப்படி ஒரு வெளிச்சம், அண்ணி. நின்னு பாக்கலாமாண்ணேன்னு கேட்டேன். அண்ணன்தான், 'அவ சத்தியம் வாங்கியிருக்கா, போடா'ன்னுட்டார்."

உசுரோட திரும்பி வரணும்னு ஒவ்வொரு வளைவுக்கும் நேரம் போட்டேனே, எதுக்குப் போறார்ங்கறதுக்கு நேரம் விட்டேனா? டீ குடிக்க நேரம் கேட்டு டிரைவருங்க சண்டையாவது போட்டானுங்க. இந்த மனுஷன் அதுகூடச் செய்யலையே.

மே 15, வியாழன்

"இன்னொரு தடவை போயிட்டு வாங்க. நான் ஒண்ணுமே போடலை. இஷ்டத்துக்கு நில்லுங்க" என்றேன்.

"போதும்மா. இப்ப உன் முகமே எனக்குத் தவணையிலதான் வருது. மொதல்ல நெத்தி, அப்புறம் தாடை." சைக்கிளை மைதாவின் மகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். "தண்ணி வீணாகுது" என்றார் கூடத்திலிருந்து.

ஜூன் 8, ஞாயிறு

வர மாட்டேன் என்றவரை வேனில் ஏற்றிக் கொண்டுபோனோம். பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நான். உச்சியில் மைதா வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய்விட்டார். இவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க. வெறும் புல்லு."

"ஒண்ணும் இல்லைன்னா புல்லு எங்கேருந்து வந்துச்சு? ஒழுங்காச் சொல்லு."

பழுப்பாக இருக்கிறது என்றேன். என்ன பழுப்பு என்றார். நனைந்த சாக்கு மாதிரி, ஆனால் வெயில் பட்ட இடம் மட்டும் தோசைக்கல்லில் நெய் ஊற்றின மாதிரி என்றேன். அப்புறம்? ஆடு. எத்தனை? ஐந்தாறு, ஒன்று நம்மையே பார்க்கிறது. எப்படிப் பார்க்கிறது? உங்க அக்கா பார்க்கிற மாதிரி. சிரித்தார். அப்புறம்? ஒரு பள்ளம், உள்ளே கறுப்புத் தண்ணீர், அதில் வானம். அதுக்கு அந்தப் பக்கம்? இன்னொரு மேடு. அதுக்கும் அந்தப் பக்கம்?

எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது. தெரிந்தவள் யாராவது அவருக்கு வாய்த்திருக்கலாம். ஆனாலும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலது பக்கம் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் இருட்டிவிட்டது.