நீக்கல் பல்

ஆரணிக்குட்டி,

நான் புறக்கோட்டைக் கடைக்குப் போகிறேன். புட்டும் சொதியும் மேசையில் மூடியிருக்கின்றன.

உன் கலியாணப் படத்துக்காகத்தான் முன்பற்களுக்கு வெனியர் என்ற வெள்ளை ஓடு ஒட்டி, நடுவில் இருந்த நீக்கலை மறைத்தேன். நேற்றுக் காலையில் கண்ணாடியில் யாரோ பற்பசை விளம்பரக்காரன் நிற்கிறான் என்று வணக்கம் சொல்லப் பார்த்தேன்.

ஆனால் நேற்று இரவு நீ, "அப்ப என்ர நீக்கல் பல்லும் வடிவில்லையா, அப்பா?" என்று கேட்டாய். அது நான் தந்த பல் என்பது அதுவரை இந்த மண்டையில் ஏறவேயில்லை.

இன்று நீயும் எனக்கு ஒட்டின அந்த வெள்ளவத்தைப் பல் டாக்டரிடம் போகிறாயாம், அம்மா சொன்னா. போகாதே, பிள்ளை. பல்லைச் சீவித்தான் ஒட்டுகிறார்கள். சீவினது திரும்ப வளராது.

அப்பா

பி.கு.: கலியாணப் படத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். நீ சிரி. என் சிரிப்பு இனி உன் வாயில்தான் மிச்சம்.